கிணறு வற்றாது, சவராகும்

யாழ்ப்பாணத்தில் காணி பார்க்கப் போகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "கோடையில வத்துமோ?" என்பதுதான். வலிகாமத்துச் சுண்ணக்கல்லில் வெட்டிய கிணறு லேசில் வற்றாது. மாசியில் நின்ற மட்டத்திலிருந்து புரட்டாசிக்குள் சில அடிதான் இறங்கும். வற்றாமல் நிற்பதே இங்கே ஆளை ஏமாற்றும் விசயம். அள்ளிய நல்ல தண்ணீரின் இடத்தைப் பிடிக்கக் கடல் கீழே காத்து நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் அப்படியே இருக்கும்; தேத்தண்ணியின் ருசி மாறும், வெங்காயத் தாள் நுனி கருகும், வாழை இலை ஓரம் பொரியும். அப்போது கேட்கவேண்டிய கேள்வி "எவ்வளவு சவர்?", அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்பது.

குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடல் நீரேரியில் விழுகிறது. ஆகவே குடிப்பது, குளிப்பது, தோட்டம், கோழிப்பண்ணை, ஹோட்டல் எல்லாமே ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து கல்லுக்குள் இறங்கிய மழைதான். அந்த நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025, நல்ல நீரினது 1. இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து வரும் கணக்கு 1க்கு 40: கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் படித்தால்தான் பயம் வரும். நீர்மட்டம் நிரந்தரமாக 1 அடி இறங்கினால், கீழே உப்பு 40 அடி ஏற இடமுண்டு. சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் இந்த எல்லை கோடு கீறியதுபோல் இருக்காது, இரண்டும் கலந்த வலயமாக இருக்கும். ஆனாலும் கணக்கு போகும் திசை அதுதான். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் நிற்பது இதே வில்லையைத்தான் காட்டுகிறது.

கீரிமலைக் கேணியில் நல்ல தண்ணீர் கடலோரமாகப் பொங்கி ஓடுவதைப் பார்த்து, "இவ்வளவும் வீணாப் போகுதே" என்று சொல்லாதவர்கள் குறைவு. பாதி சரி, பாதி பிழை. நிலத்தடியால் கடலை நோக்கிப் போகும் அந்த ஓட்டம்தான் கடலை வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை முழுக்க மறித்து இறைத்தால் கடல் உள்ளே வரும். வீணாவது மேலால் ஓடுகிற வெள்ளம். கார்த்திகை மழையில் சீமெந்து முற்றத்திலிருந்து றோட்டுக்கும், றோட்டிலிருந்து வெள்ள வாய்க்காலுக்கும், அங்கிருந்து நீரேரிக்கும் போவது கல்லுக்குள் இறங்காமலே போன தண்ணீர்.

ஒரு வாளி கடல்நீர் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. குடிநீரில் 250ஐத் தாண்டினால் நாக்குக்குத் தெரியும். நூறு வாளியில் இரண்டு வாளி கடல்நீர் கலந்தாலே 380 வந்துவிடும். இரண்டு வீதம் போதும், ஒரு கிணறு குடிக்க உதவாமல் போக.

இனி அளவெடுப்பு. தண்ணீரில் உப்புக் கூடினால் அதன் மின்கடத்துதிறனும் (ஈசி) கூடும். அதைப் பார்க்கும் பேனை மாதிரியான ஈசி மீற்றர் ஒன்று ஒரு தோட்டவெளிக்கே போதும். வாங்கும்போது ரீடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, மட்டும் காட்டுவதை வாங்கவேண்டாம். உள்ளே அளப்பது ஈசிதான். அதை ஒரு மீற்றர் 0.5ஆல் பெருக்கும், இன்னொன்று 0.7ஆல் பெருக்கும். பக்கத்து வளவுக்காரரின் 600உம் உங்கள் 840உம் ஒரே தண்ணீராக இருக்கலாம். 1413 மைக்ரோசீமென் அளவுக் கரைசலில் மாதம் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். முனையைக் கழுவாமல் மூடிவைத்தால் சுண்ணாம்பு படிந்து பிழை காட்டும்.

மேல் தண்ணீரை மட்டும் அளப்பது எல்லாரும் விடும் பிழை. ஒரு சின்னப் போத்தலுக்குக் கல் கட்டி, அடைப்பானுக்குத் தனி நூல் கட்டி, கிணற்றின் அடிவரை இறக்கி, நூலை வெடுக்கென்று இழுத்துத் திறந்து, நிரம்பியபின் மெல்லத் தூக்குங்கள். இறைக்க முதல் ஒரு மாதிரி, ஒரு மணித்தியாலம் இறைத்த பிறகு ஒரு மாதிரி. அடித்தண்ணீர் மேல் தண்ணீரைவிட மிக உயர்ந்து நின்றால், அல்லது இறைக்க இறைக்க ஈசி ஏறிக்கொண்டே போனால், உப்பு கூம்பு போல அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே எழும்புகிறது என்று பொருள். நிறுத்தினால் கூம்பு படியும், ஆனால் எழும்பிய வேகத்தில் படியாது. எழும்ப மணித்தியாலம், படிய நாட்கள்.

ஒரு எச்சரிக்கை: கேத்தலில் வெள்ளையாகப் படிவதும் பருப்பு அவியாமல் நிற்பதும் கல்லின் சுண்ணாம்பால். அது வன்னீர், சவர் வேறு. கேத்தலைப் பார்த்துக் கிணற்றைக் கைவிட்டவர்களும் உண்டு, கேத்தல் சுத்தமாக இருக்கிறதென்று சவரைக் குடித்தவர்களும் உண்டு.

பயிருக்கு எந்த அளவு தாங்கும்? பாசனநீரின் ஈசி 800 மைக்ரோசீமென் வரை வெங்காயம் முழு விளைச்சல் தரும். 1200இல் பத்தில் ஒரு பங்கு போகும், 1800இல் காற்பங்கு, 2900இல் பாதி. மிளகாய் 1000 வரை பாதிப்பின்றித் தாங்கும். கரட்டும் போஞ்சியும் 700இலேயே முகம் சுளிக்கும். பீற்றூட் 2700 வரை அசையாது. ஆவணியில் 1500 காட்டும் கிணற்றில் போஞ்சி வைத்துவிட்டு விதையைத் திட்டுவது நியாயமில்லை.

துலாவாலும் மாடு சுற்றும் சூத்திரத்தாலும் இறைத்த காலத்தில் இந்தக் கூம்புக்கு வேலையே வரவில்லை. துலா மிதிப்பவரின் காலும் மாட்டின் மூச்சும்தான் வரம்பு. அவர் களைத்து நிற்கும் நேரத்தில் கிணறு ஊறியது. மண்ணெண்ணெய் மிசின் வந்தபின் அந்த வரம்பு கழன்றது. உங்கள் மிசின் எவ்வளவு இறைக்கிறது என்று தெரியாவிட்டால் 200 லீற்றர் பரலை வைத்து நேரம் பாருங்கள். 30 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 400, மணிக்கு 24,000 லீற்றர். 12 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் ஏறக்குறைய 3,200 லீற்றர். ஊற்று இல்லையென்று வைத்தால் ஒரு மணிநேரத்தில் ஏழரை அடி. ஊற்று அதை ஈடுசெய்கிறது என்பது உண்மைதான். எங்கேயிருந்து ஈடுசெய்கிறது என்பதே சிக்கல்.

பரப்புக்குத் தேவையோ கொஞ்சம். ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் குடிக்கும் என்று வைத்தால், நான்கு நாள் இடைவெளிக்கு 20 மில்லிமீற்றர், அதாவது 5,000 லீற்றர். வாய்க்காலில் போகும் நட்டத்தையும் சேர்த்து 6,700 என்று கொள்ளுங்கள். மேலே சொன்ன மிசினுக்கு அது 17 நிமிட வேலை. நடைமுறையில் ஒரு பரப்புக்கு முக்கால் மணிநேரம் ஓடுவதைக் காணலாம். தண்ணீர் மாறுபவர் பாத்தி வரம்பு தளும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். தளும்பினால் மனதுக்குத் திருப்தி. மிச்சம் 11,000 லீற்றர் செம்மண்ணால் இறங்கித் திரும்பக் கிணற்றுக்கே போகிறது. "அப்ப என்ன நட்டம், எங்கட கிணத்துக்குத்தானே போகுது" என்பார்கள். மண்ணெண்ணெய்க் காசு போகட்டும். வெறும் கையோடு அது போவதில்லை, யூரியாவையும் கூட்டிக்கொண்டு போகிறது.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஒரு கிலோ யூரியா முழுவதும் நைத்திரேற்றாக மாறி நழுவினால் 2 கிலோ நைத்திரேற்று. குடிநீரில் ஏற்கும் உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். சுத்தமான 40,000 லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோக ஒரு கிலோ யூரியா போதும் என்று இதற்கு அர்த்தம். வருடத்தில் இரண்டு மூன்று போகம் வெங்காயம், பீற்றூட், புகையிலை என்று செய்யும் தோட்டவெளிக்கு நடுவில் இருக்கும் வீட்டுக் கிணற்றின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறியும். குளோரின் போட்டாலும் போகாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து: இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் உதடும் நகமும் நீலமாகும்.

ஆய்வுகூட அறிக்கை எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். சில அறிக்கை நைத்திரேற்றாகப் போடும், சில நைத்திரேற்று-நைதரசனாகப் போடும். இரண்டாவதில் 12 என்றிருந்தால் 4.43ஆல் பெருக்குங்கள்: 53. எல்லை தாண்டிவிட்டது. 12ஐ 50உடன் ஒப்பிட்டு நிம்மதியாகக் குடித்துவந்த வீடுகள் குறைவாக இருக்காது. எப்போது மாதிரி எடுப்பது என்பதும் முக்கியம். சவருக்கு ஆவணி, புரட்டாசி. நைத்திரேற்றுக்கும் கிருமிக்கும் முதல் பெருமழைகள் கழுவி இறக்கிய பின், ஐப்பசிக் கடைசி அல்லது கார்த்திகை. வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் சித்திரையில் எடுத்த அறிக்கை இரண்டு உச்சத்தையும் தவறவிட்டிருக்கும்.

தோட்டத்தில் செய்யக்கூடியது, யூரியாவைப் பிரித்துப் போடுவது. முதலில் பாதித் தண்ணீர், பிறகு பசளை, அதன்மேல் மிச்சப் பாதி. பசளையை எறிந்துவிட்டு முழுத் தண்ணீரையும் வெள்ளமாகப் பாய்ச்சுவதுதான் இங்கே கண்ட வழக்கம். வேருக்கு முன்னால் கல்லுக்கு ஊட்டும் வேலை அது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது பசளை போடவே கூடாது. "நாங்கள் சாணிதான் போடுறம், எங்களால கெடாது" என்பதும் சரியில்லை. கிணற்றடியில் குவித்த எருக்கும்பியும் கோழி எருவும் மழையில் ஊறினால் அதே நைத்திரேற்றுத்தான். கும்பியைக் கிணற்றிலிருந்து தள்ளி, மேட்டில், கிடுகால் மூடி வையுங்கள்.

தூவலும் சொட்டுநீரும் நல்லவைதான், இரண்டு சிக்கலைத் தெரிந்துகொண்டால். எங்கள் கல்தண்ணீர் சொட்டும் துளையைச் சுண்ணாம்பால் அடைக்கும். வடிகட்டி மட்டும் போதாது, இடைக்கிடை அமிலம் விட்டுக் குழாயின் கடைசி மூடியைத் திறந்து கழுவவேண்டும். சவரான கிணற்றில் தூவல் போட்டால் நடுப்பகலில் இலையில் உப்புக் காய்ந்து கருகும். விடியற்காலையில் மட்டும்.

உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வு எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். கோடை நீர்மட்டத்துக்குக் கீழே 2 முதல் 3 அடி போதும். அதைவிட ஆழமாக இறக்காவிட்டால் மட்டம் குறையும்போது மிசின் காற்று இழுத்துத் தானே நிற்கும். அந்த நிற்றல் ஒரு பாதுகாப்பு. அதைத் தொல்லையாக நினைத்து அடிவரை இறக்குபவர்கள்தான் முதலில் உப்பை இழுப்பவர்கள். கல்வெடி வைத்துக் கிணற்றை ஆழமாக்குவது அதைவிட மோசம். மிசின் 22 முதல் 25 அடிக்கு மேல் உறிஞ்சாது என்பதால் அதைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைப்பார்கள். சிந்தும் மண்ணெண்ணெயும் கழிவெண்ணெயும் நேரே தண்ணீரில். வெளியே, விளிம்பு வைத்த சீமெந்துத் தளத்தில் வையுங்கள், எண்ணெய் மாற்றும்போது கீழே தகரத் தட்டு வையுங்கள். சுண்ணக்கல்லில் எண்ணெய் எப்படிப் பரவும் என்பதைச் சுன்னாகத்தில் பார்த்தாகிவிட்டது. அனல் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகள் பற்றிய வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது.

கரையோரக் கிணறுகளுக்குத் தனி விதி. 2004 சுனாமியில் கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தமாக்குவதாகத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மணலின் மேல் மெல்லியதாக இருந்த நல்ல தண்ணீரும் போய், கீழிருந்த உப்பும் ஏறியது. அப்படியான கிணற்றை ஒருமுறை, மெதுவாக, சேறும் குப்பையும் போகும்வரை இறைத்துவிட்டு மழைக்கு விடவேண்டும். மணற்காட்டு மணல்மேடுகளை அள்ளுவதும் இதே கணக்கில்தான் விழும். மேடு தாழ்ந்தால் அதற்குள் நிற்கும் நல்ல தண்ணீரின் உயரமும் தாழும்.

மலசலகூடக் குழிதான் பலர் பேச விரும்பாத பகுதி. 50 அடி தள்ளி இருந்தால் போதும் என்ற நம்பிக்கை மண்ணுக்குச் சரி. மண் நுண்கிருமியை வடிக்கும். வெடித்த சுண்ணக்கல் வடிக்காது, வாய்க்கால் போலக் கொண்டுபோகும். 100 அடி இருந்தாலும் வெடிப்பு உங்கள் கிணற்றை நோக்கி இருந்தால் பயனில்லை. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, குழி, பக்கத்து வீட்டுக் கிணறு எல்லாம் இருக்கும்போது தூரத்தை நம்பி வேலையில்லை. குழியின் அடியை அடைப்பதுதான் வழி. ஐந்து பேர் குடும்பத்துக்கு 2 கனமீற்றர், இரண்டு அறை, அடியும் சுவரும் நீர் கசியாமல் பூசியது. அதிலிருந்து வெளியேறும் நீரைக் கல்லுடைத்த குழிக்குள் விடாமல், மண்ணின் மேல்மட்டத்தில் ஒன்றரை அடி ஆழச் சரளைப் பாத்திக்குள் விட்டு, வாழையும் கல்வாழையும் நடுங்கள். மேல்மண் ஒரு அடிகூட இல்லாத இடத்தில் செம்மண் கொட்டிப் பாத்தியை உயர்த்தவேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பவுசரைக் கூப்பிட்டு அள்ளவேண்டும். பவுசர் எங்கே கொட்டுகிறது என்றும் கேட்கவேண்டும். பற்றைக்காட்டில் கொட்டினால் அதே கல்லுக்குள் திரும்பி வரும்.

பழைய குழியைச் சோதிக்க ஆனியில் எட்டிப் பார்க்காதீர்கள். மார்கழியில் பாருங்கள். கோடையில் குழியின் அடி நீர்மட்டத்துக்கு மேலே நின்றாலும், மாரியில் நீர் ஏறி அதைத் தொடும். குழியின் அடிக்கும் மாரி நீர்மட்டத்துக்கும் இடையில் ஐந்து அடியாவது இல்லையென்றால் அது குழியில்லை, இன்னொரு கிணறு.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு குளோரின் போடும்போது கண்ணளவு வேண்டாம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்குங்கள்; எல்லாம் மீற்றரில் இருந்தால் கனமீற்றர் வரும். இரண்டரை மீற்றர் விட்டம், 2 மீற்றர் நீர் என்றால் ஏறக்குறைய 10. கனமீற்றருக்கு இரண்டரை கிராம் வெளிற்றும் தூள், ஆக 25 கிராம். கலங்கிய நீருக்கு இதைவிடக் கூடத் தேவை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி, வாளியைக் கிணற்றுக்குள் மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணிநேரம் யாரும் அள்ளக்கூடாது.

மழையை இறக்குவது செலவு குறைந்த வேலை. 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில், வருடம் 1,250 மில்லிமீற்றர் மழையில், நட்டம் போக 1,00,000 லீற்றர் வரும். முதல் 2 மில்லிமீற்றர் மழையில் காகத்தின் எச்சமும் தூசும் வரும். அது சரியாக 200 லீற்றர், ஒரு பரல். பீலிக் குழாயை முதலில் பரலுக்குள் விட்டு, அது நிரம்பியபின் வழிவதை 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழக் குழிக்குள் விடுங்கள். அடியில் ஒரு அடி பெரிய கல், மேல் ஒரு அடி முக்கால் அங்குலக் கல், மேல் வலை, வலைக்கு மேல் முக்கால் அடி குறுமணல். மீதி வெறுமையாக இருக்கட்டும், மழை வேகமாக வரும்போது நிற்க இடம் வேண்டும். மேல் மணலை வருடாவருடம் புரட்டாசியில் அள்ளிக் கழுவாவிட்டால் இரண்டாவது மாரியிலேயே அடைத்துவிடும். றோட்டு வெள்ளத்தையும் தோட்ட வெள்ளத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் நேரே கிணற்றுக்குள் திருப்பவேண்டாம். முற்றத்துக்கு இன்ரலொக் கல் போடுபவர்கள் கல்லுக்கிடையில் சீமெந்து பூசாமல் மணல் நிரப்பினாலே ஒரு பகுதி இறங்கும்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் திறன், இனிக் கவலையில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. குடிக்க அது உதவும், மறுப்பில்லை. ஆனால் இப்படி ஒரு கனமீற்றர் எடுக்க 3 முதல் 4 யூனிற் மின்சாரம் வேண்டும். ஒரு பரப்பு வெங்காயத்துக்கு ஒரு தடவை இறைக்கும் தண்ணீருக்கே 20 யூனிற்றுக்கு மேல். தோட்டத்துக்குக் கிணறுதான். வீடுகளில் வைக்கும் ஆர்ஓ வடிகட்டிக்கும் ஒரு சொல்: அது வெளியே தள்ளும் கழிவுநீரில் சவரும் நைத்திரேற்றும் செறிந்து நிற்கும். அதைக் கிணற்றடியில் விட்டால் வடித்ததைத் திரும்ப ஊற்றுகிறீர்கள். கழிப்பறை கழுவ எடுங்கள்.

பங்குக் கிணறுகளில் முறை வைத்து இறைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக அழியவில்லை. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று தெளிவாக இருக்கும். அதற்கு இன்று சேர்க்கவேண்டியது இரண்டுதான்: ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க முதல் இரண்டு மணிநேர ஓய்வு, மிசின் கொட்டிலில் தொங்கும் ஒரு கொப்பி. திகதி, தொடங்க முதல் நீர்மட்டம், தொடங்கும்போது ஈசி, முடிக்கும்போது ஈசி. மூன்று கோடை எழுதினால், எந்த வாரத்தில் வெங்காயத்தை நிறுத்திப் பீற்றூட்டுக்கு மாறவேண்டும் என்று கொப்பியே சொல்லும். இதில் முறியும் இடம் குழாய்க் கிணறு. ஒரு தோட்டவெளியில் பத்துப் பேர் முறை வைத்து இறைக்க, பதினோராவது ஆள் 60 அடியில் குழாய் இறக்கி இரவிரவாக உறிஞ்சினால், முதலில் சவர் வருவது அவருடைய குழாயில்தான். அவர் அதை மூடிவிட்டு, பத்துப் பேரின் முறையில் தனக்கும் ஒரு நாள் கேட்டு வருவார்.